கிலோமீட்டர் 24 ரூபாய் என்று பேசிய ஊட்டி வேன், 40,000 ரூபாய் பில்

லீவுக்குக் குடும்பத்தோடு வேன் பேசி மலைக்குப் போகிறவர்கள், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து ஊட்டி போய்வந்த ஒரு 17 சீட் ஏசி டிராவலர் வேனின் பில் இது. தாத்தா பாட்டி, அத்தை, சித்தப்பா குடும்பம், பிள்ளைகள் என்று 15 பேர். போனில் பேசிய ரேட்: கிலோமீட்டருக்கு 24 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா நாளுக்கு 800. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் டூர். வீட்டில் போட்ட கணக்கு: 900 கிலோமீட்டருக்கு 21,600, பேட்டா 2,400, ஆக 24,000. டோலும் பார்க்கிங்கும் தனி.

வண்டி வியாழன் ராத்திரி 10 மணிக்குக் கிளம்பியது. ஞாயிறு ராத்திரி 12.40க்கு வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. மீட்டர்படி ஓடியது 720 கிலோமீட்டர். கையில் கொடுத்த பில் டோல் சேர்க்காமலே 40,000.

டிராவல்ஸ்காரர் சொன்ன விளக்கம் ஒரே வரி: "நாள்னா ராத்திரி 12லேருந்து 12 சார்." அந்தக் கணக்கில் வியாழன் ராத்திரியின் இரண்டு மணி நேரம் ஒரு நாள். 12 மணி தாண்டிய 40 நிமிடம் இன்னொரு நாள். மூன்று நாள் டூர் ஐந்து நாளாகிவிட்டது. 1,500 கிலோமீட்டருக்கு 36,000, பேட்டா 4,000. உண்மையில் ஓடிய 720 கிலோமீட்டருக்கு 24 ரூபாய் வீதம் போட்டால் 17,280தான் வரும். ஓடாத 780 கிலோமீட்டருக்கும் சேர்த்து அந்தக் குடும்பம் காசு கொடுத்திருக்கிறது.

இதில் பொய்க்கணக்கு எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள் என்று வைப்பது இந்தத் தொழிலில் பல இடங்களில் வழக்கம். ரேட் பேசும்போது அதை வாய் திறந்து சொல்லாமல், "நைட்டே கிளம்பிடுங்க சார், காலைல ஊட்டில இருப்பீங்க, குழந்தைங்களும் தூங்கிட்டே வந்துடும்" என்று ஐடியா கொடுப்பதில்தான் ஏமாற்று இருக்கிறது. அந்த ஐடியாவின் விலை 8,000 ரூபாய். 300 கிலோமீட்டர் வாடகையும் ஒரு பேட்டாவும்.

சரி, ராத்திரி 12.15க்குக் கிளம்பினால் அந்த 8,000 மிச்சம்தானே என்று தோன்றும். செய்யாதீர்கள். பகல் முழுக்க வேறு டிரிப் ஓட்டிவிட்டு வந்த டிரைவராக இருந்தால், அதிகாலை நாலு நாலரைக்கு, தூக்கம் சொக்கும் நேரத்தில், தாராபுரம் ரோட்டில் இருப்பார். விடிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். வழியில் டிபனுக்கு நிறுத்தினாலும் பத்து மணிவாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம், பகல் வெளிச்சத்தில் மலை ஏறலாம். திரும்பும் நாளில் ஊட்டியிலிருந்து மதியம் 1 மணிக்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். மதுரை வரை சுமார் 300 கிலோமீட்டர். சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அங்கே ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். மாலை 4 மணிக்குக் கிளம்பினால் 12 மணி தாண்டுவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் டிரைவர் "இன்னும் ஒரு ஸ்பாட் பாத்துட்டுப் போலாமே" என்று தாராளம் காட்டினால் மணியைப் பாருங்கள்.

பேசும்போதே கேட்க வேண்டியது இது: நாள் கணக்கு நள்ளிரவிலிருந்தா, கிளம்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரமா? 24 மணி நேரக் கணக்குக்கு ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு, கேட்டால்தான் ஒப்புக்கொள்வார்கள். அடுத்தது, கிலோமீட்டர் எங்கிருந்து ஆரம்பம்? உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, ஷெட்டிலிருந்தா? ஊட்டி மாதிரி மெதுவான டூரில் மினிமமே ஓட்டத்தை விட அதிகம் என்பதால் ஷெட் தூரம் பில்லில் தெரியாது. ஒரே நாளில் 500, 600 கிலோமீட்டர் போய்வரும் கோயில் டிரிப்பில் அது அப்படியே ஏறி உட்காரும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரை போட்டோ எடுத்து, அதே நிமிடம் அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கேட்டதற்கு வந்த பதிலை போனோடு விட்டுவிடக் கூடாது. அட்வான்ஸ் போடுவதற்கு முன் ஒரு மெசேஜ்: "17 சீட் ஏசி, வண்டி நம்பர் இது, கி.மீ. 24, மினிமம் 300, நாள் கணக்கு இப்படி, கி.மீ. வீட்டிலிருந்து, பேட்டா 800, நைட் பேட்டா உண்டா இல்லையா, ஹில் சார்ஜ் உண்டா இல்லையா, மலையில் ஏசி உண்டா இல்லையா, டிரைவர் தங்குவது யார் செலவு." அவர்கள் "ஓகே" என்று போட்ட பிறகுதான் பணம். "அதெல்லாம் வந்து பேசிக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு வண்டி பாருங்கள்.

சில ஊர்களில் கிலோமீட்டர் ரேட் கிடையாது. நாள் வாடகை, டீசல் நம்முடையது. இங்கே தந்திரம் டேங்கில் இருக்கிறது. கிளம்பியதும் முதல் பங்கில் நிறுத்தி, "ஃபுல் பண்ணிடலாம் சார்" என்பார். காலியாக வந்த டேங்க் உங்கள் காசில் நிரம்பும். திரும்பும் வழியில் மறுபடி நிரப்பினால், முழு டேங்க் டீசலோடு வண்டி ஓனர் வீட்டுக்குப் போகும். கிளம்பும்போது முள் எங்கே நின்றதோ, இறங்கும்போது அங்கே நின்றால் போதும். டிராவலர் சமதளத்தில் லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் கொடுக்கும், ஏசி போட்டு மலை ஏறினால் அதற்கும் கீழே. 720 கிலோமீட்டருக்கு 80, 90 லிட்டருக்கு மேல் பில் வந்தால் எங்கே போனது என்று கேட்கலாம்.

டோல் விஷயம் சின்னது, ஆனால் எளிதில் பிடிபடும். மேலே சொன்ன பில்லில் "டோல் + பார்க்கிங் 2,600" என்று ஒரே வரி. ஃபாஸ்டேகில் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஓனர் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். ஸ்டேட்மென்ட் கேளுங்கள், பார்க்கிங்குக்குச் சீட்டு கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலை டோலில் 24 மணி நேரத்துக்குள் அதே டோல் வழியாகத் திரும்பினால், இரண்டு முழுக் கட்டணம் கிடையாது, ஒன்றரை மடங்குதான். ஒரு நாள் டிரிப்பில் இரண்டு முழுக் கட்டணம் எழுதியிருந்தால் விடாதீர்கள்.

இனி வண்டி. போட்டோவில் வருவது புது வண்டி, வாசலுக்கு வருவது பழசு. "அது வொர்க்‌ஷாப்ல நிக்குது சார், இதுவும் அதே மாடல்தான்." சீசனில் நீங்கள் பேசிய ஆளிடம் பெரும்பாலும் வண்டியே இருக்காது. அவர் இன்னொருவருக்குக் கைமாற்றுவார், அவர் மூன்றாவது ஆளுக்கு. ஒவ்வொரு கையும் கமிஷன் எடுப்பதால் கடைசி ஓனர் அனுப்புவது கமிஷன் போக மிஞ்சிய காசுக்கு ஏற்ற வண்டி. டிரைவர் நம்பரைக் கிளம்பும் கடைசி மணி நேரம்வரை தராமல் இழுத்தால் அதுதான் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அதனால் அட்வான்ஸுக்கு முன் வண்டி நம்பர் கட்டாயம். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை என்று தெரிந்துவிடும். நம்பர் பிளேட் வாடகை வண்டிக்கான மஞ்சளா என்று பாருங்கள். "ஓன் போர்டு வண்டி, ரேட் கம்மி" என்று சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சொந்த உபயோக பாலிசியில் வாடகை ஓட்டம் சேராது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். ஆர்டிஓ செக்கிங்கில் மாட்டினால் வண்டி அங்கேயே நிற்கும். கைக்குழந்தையோடும் முட்டிவலிப் பாட்டியோடும் நடுரோட்டில் வேறு வண்டி தேடுவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வண்டி மாறினால் ஊட்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். பாஸ் வண்டி நம்பரின் பேரில் வருகிறது. வண்டி மாறினால் பாஸ் செல்லாது, கல்லாறு செக்போஸ்ட்டில் நின்று புதிதாகப் போட வேண்டும். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். கூட்ட நாளில் கடைசி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. இ-பாஸ் முழுக்க இலவசம். "இ-பாஸ் சார்ஜ் 500" என்று பில்லில் பார்த்தால் அந்த வரியை அடித்துவிட்டு மீதியைக் கொடுங்கள். அதே செக்போஸ்ட்டில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் பிடிப்பார்கள், நீலகிரியில் தடை. கேஸ் கேஸாக வாங்கி ஏற்றாமல் 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துப் போங்கள்.

வாசலில் வண்டி வந்ததும் பெட்டிகளை ஏற்ற அவசரப்படுத்துவார்கள். பத்து நிமிடம் ஒதுக்கி இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு, கடைசி வரிசைக்கு மேலே உள்ள துவாரத்தில் கையை வையுங்கள். முன்னால் ஜில்லென்று இருந்து பின்னால் வெறும் காற்று வந்தால், மே மாத மதியத்தில் பின்சீட்டில் யாரும் உட்கார முடியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதோடு இதையும் பாருங்கள், ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள். சீட் பெல்ட் இருக்கிறதா என்பதை விட, பக்கிள் சீட்டுக்குள் புதைந்து போகாமல் கையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு புஷ்பேக்கையும் சாய்த்து நிமிர்த்துங்கள். நிற்காத சீட் மலையில் பின்னால் இருக்கும் பிள்ளையின் முழங்காலில்தான் விழும்.

17 சீட் என்றால் 17 பேர் என்று நினைக்காதீர்கள். பின்னால் டிக்கி சின்னது. 15 பேரின் பெட்டி, ஸ்வெட்டர், பிள்ளைகளின் பை எல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். "குழந்தைங்கள மடில வச்சுக்கலாம் சார்" என்று 12 சீட் வண்டியை 15 பேருக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், கேட்கவே கேட்காதீர்கள். பர்மிட்டும் இன்சூரன்ஸும் சீட் எண்ணிக்கைக்குத்தான். வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன் இரண்டு வரிசையில் உட்கார வையுங்கள், பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் கடைசி சீட்தான் வளைவுகளில் அதிகம் தூக்கிப் போடும். மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு குன்னூர் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டாம்.

மலை இறங்கும்போது டிரைவர் எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் டிரைவர்கள் இருக்கிறார்கள். தொடர்ந்து பிரேக்கை மிதித்தே இறங்கினால் லைனிங் சூடேறி பிடிமானம் போய்விடும். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டச் சொல்லி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

மைசூரையும் சேர்த்துப் போகிறவர்களுக்கு நாள் கணக்கில் இன்னொரு கண்ணி. பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். ஊட்டிக்குத் திரும்புகிறவர்கள் மைசூரை மாலை 5 மணிக்குள் விட்டுவிட வேண்டும். கேட் மூடிய பிறகு குண்டலுப்பேட்டையில் ரூம் தேட வேண்டியதுதான், அந்த ராத்திரியால் டூர் ஒரு நாள் நீண்டால் அந்த 8,000மும் உங்கள் தலையில். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி, டிராவலருக்கு ஏற்றதல்ல. கூடலூர் வழியே போங்கள். கர்நாடகா, கேரளா போகும் வண்டிக்கு ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கிறதா என்று நகல் கேளுங்கள். தனியாக வரி கட்டினோம் என்று அவர்கள் சொன்னால் வண்டி நம்பரும் தேதியும் போட்ட ஆன்லைன் ரசீது இருக்கும். ரசீது இல்லாத "பர்மிட் செலவு" பேச்சுக்கே இடமில்லை.

ஹோம்மேட் சாக்லேட் கடை, தைலக் கடை, டீ ஃபேக்டரி பக்கத்துக் கடை என்று டிரைவர் நிறுத்தும் இடங்களில் அவருக்குக் கமிஷன் உண்டு. அதற்காக அவரிடம் சண்டை வேண்டாம். நீங்கள் கொடுக்கும் 800 பேட்டா முழுசாக அவர் கைக்குப் போகிறதா என்பதே சந்தேகம். தங்க இடம் இல்லாமல் ஊட்டிக் குளிரில் வண்டிக்குள் சுருண்டு கிடந்தவர்தான் மறுநாள் உங்கள் பிள்ளைகளை வைத்து மலை இறக்கப் போகிறார். ரூம் புக் செய்யும்போதே டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். ஆனால் அவர் "வண்டி அங்க போகாது" என்று சொன்னால் எல்லாமே பொய் என்று நினைக்காதீர்கள். அவலாஞ்சி காட்டுக்குள் வனத்துறை வண்டிதான் போகும்.

பில்லில் தகராறு வந்தால் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று இருக்க வேண்டாம். மெசேஜில் ஒப்புக்கொண்ட தொகையை யுபிஐயில் போட்டு, எதற்கு எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். மிரட்டிக் கூடுதலாக வாங்கியிருந்தால் பில், ஓடோமீட்டர் போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு மூன்றோடும் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அட்வான்ஸ் வாங்கிவிட்டு வண்டியே அனுப்பாமல் போனை அணைத்துவிட்டால் காத்திருக்காமல் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்துவிடுங்கள்.