தாயம் விழுந்தால் சந்தோஷப்படக் கூடாத ஆட்டம்

தமிழிலேயே பேசி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் ஓர் இணையக் குழுவில் ஆறு மாதமாக இருக்கிறேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, செய்வது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் ஆட்டம் அது. மாதம் 200 ரூபாய். பேச டிஸ்கார்ட், வரைபடத்துக்கும் பகடைக்கும் ரோல்20. குழுவின் பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டப்போகிறேன்.

முதல் நாளே மானம் போனது. இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்ததும் "தாயம்!" என்று கத்திவிட்டேன். அப்பத்தாவோடு திண்ணையில் தாயக்கட்டை உருட்டிய வாய் சும்மா இருக்குமா? இங்கே ஒன்றுதான் இருப்பதிலேயே கேடு, எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் வாள் காற்றைத்தான் வெட்டும், இருபது விழுந்தால்தான் கொண்டாட்டம். இப்போது யாருக்கு ஒன்று விழுந்தாலும் குழுவே "தாயம்" என்றுதான் கத்துகிறது.

சரி, குழுவில் ஆடும் சாகச வகைகளுக்கு வருகிறேன். குகைக்குள் இறங்கி, பொறியில் சிக்காமல், பூதத்தை அடித்துப் புதையலை எடுப்பது பழைய வகை. 1974-ல் இந்த ஆட்டம் வந்தபோதே இருந்தது. நேரில் உட்கார்ந்து ஆடினால் நன்றாக இருக்கலாம், ஹெட்போனில் ஆறு பேர் வரிசையாகச் சண்டை போடும்போது நான் மாடியிலிருந்து இறங்கி ரெண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் என் முறை வரவில்லை.

துப்பறியும் வகைக்காக மட்டுமே 200 ரூபாய் கொடுக்கலாம். ஆட்டம் நடத்துபவர் மேலூர்ப் பக்கம், வெளிநாட்டுக் காட்டையும் கோட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கதையை மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலையில் வைத்தார். அந்த மலையின் பேச்சிப்பள்ளத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிறதல்லவா, அதில் ஓர் எழுத்து மட்டும் நேற்று செதுக்கியதுபோல் வெள்ளையாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான், குழு பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்தில் டீக்கடைக்காரரை மட்டும் முக்கால் மணி நேரம் விசாரித்தோம். "ஏண்ணே, ராத்திரி உளிச் சத்தம் கேட்டுச்சா?" என்று எங்கள் மந்திரவாதி கேட்க, அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே "வடை வேணுமா தம்பி" என்றாரே தவிர பதில் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்தில் ஒருவரும் வாளை உருவவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

மாதக்கணக்கில் ஓடும் நீள்கதையில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். சேரும்போது ஏழு பேர், பதினோராம் வாரம் மூன்று பேர். ஒருவருக்கு நைட் ஷிப்ட், இன்னொருவருக்குக் குழந்தை பிறந்துவிட்டது, நியாயம்தான். சித்திரைத் திருவிழாவுக்கு ரெண்டு வாரம் நிறுத்தியதையும் விடுங்கள், அழகர் ஆற்றில் இறங்கும்போது யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். ஆனால் ஒன்பதரை மணி ஆட்டத்துக்கு 9.25-க்கு "இந்த வாரம் இல்லை" என்று நாலு தடவை செய்தி போட்டால் எப்படி? காசையும் திருப்பித் தரவில்லை, அடுத்த மாதத்தில் கழிக்கவும் இல்லை.

எழுத்திலேயே ஆடும் வகையும் உண்டு, நேரம் கிடைக்கும்போது நாலு வரி எழுதிவிட்டுப் போகலாம். என் ஆள் ஒரு கதவைத் தட்டிவிட்டு ஒன்பது நாள் வெளியே நின்றான்.

புதிதாகச் சேருபவர்கள் ஒரே ராத்திரியில் முடியும் ஒன்ஷாட்டில் சேருங்கள், பிடிக்கவில்லை என்றால் போவது ஒரு சனிக்கிழமை மட்டும்தான். நானும் இந்த மாதம் அதற்குத்தான் கட்டியிருக்கிறேன். வரும் வாரம் யானைமலையில் துப்பறியும் கதையாம். 9.25-க்குச் செய்தி வராமல் இருந்தால் போதும்.