ஆர்மீனியன் தெருப் பக்கம் ஒரு பழந்துணிக் கடை: துண்டை வாங்கலாம், குஷன் வேண்டாம்

பினாங்கு ஜார்ஜ்டவுன் ஆர்மீனியன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது இந்தக் கடை. குறையும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. முன்பக்கம் நியோன்யா கெபாயா, பாத்தேக், சொங்கெட் என்று இந்த ஊர்த் துணிமணிகள், எல்லாக் கடையிலும் இருப்பதுதான். உள்ளே கண்ணாடி அலமாரியில் உதுமானியர் காலத்துத் துருக்கிப் பூவேலைத் துணிகள் இருக்கின்றன, போக வேண்டியது அதற்காகத்தான்.

பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சாப்பிடும்போது மடியில் போட்டுக் கை துடைக்கிற நீளமான பெஷ்கிர் துண்டுகள், துணிமணி சுற்றி வைக்கும் போச்சா என்ற சதுரத் துணிகள். லினன் அல்லது பருத்தித் துணியில் பட்டு நூல் வேலை. கல்யாணச் சீருக்காகப் பெண்கள் வீட்டில் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டித் தைத்துச் சேர்த்தவை இதில் நிறைய உண்டு.

கடைக்கார அங்கிள் தொட்டுப் பார்க்க விடுகிறார், அதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம். நான் எடுத்த பெஷ்கிரின் நடுப்பகுதி முழுக்க வெறும் துணி, இரண்டு முனையிலும் மட்டும் வெளிறிய ரோஜா நிறத்தில் பூங்கொத்தும் அதன் பக்கத்தில் ஒல்லியான சைப்ரஸ் மரமும், இலை நரம்புக்குத் தட்டையான வெள்ளிச் சரிகை, அது இப்போது கறுத்துவிட்டது. திருப்பினால் பின்பக்கமும் அச்சு அசலாக அதே பூ, ஒரு முடிச்சு கண்ணில் படாது. துணியின் இழையை எண்ணி எண்ணி ஊசி போட்டால்தான் இப்படி வரும். பின்பக்கம் நூல் குப்பையாகக் கிடந்தால் அந்தத் துண்டுக்கு நான் இந்த விலை கொடுக்க மாட்டேன்.

சரி, குறைக்கு வருவோம். துண்டின் முனைகளை வெட்டிக் குஷன் உறையாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். வயிறு எரிகிறது. சிலதை அட்டையில் பசை போட்டு ஒட்டிச் சட்டமும் மாட்டிவிட்டார்கள், இனி பின்பக்கத்தை யாரும் பார்க்க முடியாது, அந்தப் பசையே துணியை அரித்துவிடும். இன்னொரு போச்சாவில் ‘16ஆம் நூற்றாண்டு, சுல்தான் அரண்மனை’ என்று சீட்டு. அதில் இருந்த ஊதாவோ கண்ணைப் பறிக்கிற சாயப்பட்டறை ஊதா. அந்த மாதிரிச் செயற்கை ஊதா 1856இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் கண்டுபிடித்த பிறகு வந்தது. அங்கிளிடம் சொன்னேன், சிரித்துக்கொண்டே ‘சப்ளையர் எழுதினதும்மா’ என்றார். சீட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

விலை பேசலாம். முழுத் துண்டுக்கு ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்கிறார், ஓரம் நைந்திருந்தால் நன்றாகவே இறங்கி வருவார். அவ்வளவு பணம் போடுவதற்கு முன் கோலாலம்பூர் போகிறவர்கள் தேசியப் பள்ளிவாசல் பக்கத்து இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் துணிக் காட்சிக்கூடத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள், கண் பழகிவிடும்.

அப்புறம், கடையில் பிளாஸ்டிக் பையில்தான் போட்டுத் தருவார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது ஆகவே ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் எடுத்து, மடிக்காமல் பருத்தித் துணியோடு சேர்த்து உருட்டி வையுங்கள். தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள், பழைய பட்டு நூலின் சிவப்பு ஓடிவிடும். கடையில் கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் கொண்டு போங்கள்.