அமெரிக்க சுகாதார மானியத்தைத் தேட எது நல்லது: டாக்ஸா, யுஎஸ்ஏஸ்பெண்டிங்கா?

அமெரிக்க அரசு சுகாதாரத்துக்குக் கொடுக்கும் மானியம் யாருக்குப் போகிறது என்று பார்க்க நினைப்பவர்கள் டாக்ஸ் (TAGGS), யுஎஸ்ஏஸ்பெண்டிங் (USAspending.gov) என்ற இரண்டு அரசுத் தளங்களுக்கு நடுவே திண்டாடுகிறார்கள். இரண்டும் இலவசம், கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். அதனால் செலவுப் பேச்சை விட்டுவிடலாம்.

எல்லை
டாக்ஸ்: சுகாதார, மனித சேவைகள் துறையின் மானியங்கள் மட்டும்.
யுஎஸ்ஏஸ்பெண்டிங்: எல்லாத் துறைகளும், ஒப்பந்தங்கள், கடன்கள் உட்பட. நடத்துவது கருவூலத் துறை.

தேடும் வசதி
டாக்ஸ்: துறைக்குள் இருக்கும் அமைப்பு, பெறுபவர், திட்ட எண் என்று நேராகப் போகலாம். இந்தத் துறையின் திட்ட எண்கள் 93-இல் தொடங்கும். சமுதாய சுகாதார மையங்களுக்கு 93.224.
யுஎஸ்ஏஸ்பெண்டிங்: வடிகட்டிகள் அதிகம், பழக நாளாகும்.

ஆழம்
இங்கேதான் கவனம் வேண்டும். டாக்ஸ் காட்டுவது ஒதுக்க உறுதியளித்த தொகை. அது கைக்குப் போய்ச் சேர்ந்த பணம் அல்ல. நடுவில் கழித்தல் குறியோடு ஒரு வரி வந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் பயன்படாத தொகையைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக இருக்கும். யுஎஸ்ஏஸ்பெண்டிங்கில் உறுதித் தொகையோடு, அண்மைய மானியங்களுக்கு உண்மையில் வெளியேறிய பணத்தையும் பார்க்கலாம். மானியம் வாங்கியவர் அடுத்தவருக்குப் பிரித்துக் கொடுத்த துணை மானியமும் தெரியும். ஒரு மாநில அரசு வாங்கிய பணம் எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போனது என்று அறிய அதுதான் வழி. ஆனால் அந்த விவரத்தை மானியம் வாங்கியவர்களே பதிவு செய்கிறார்கள், விடுபடல் உண்டு.

இரண்டிலும் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும். இதை மறந்தால் கூட்டுத்தொகை ஒத்துவராது.

ஒரு மருத்துவமனைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ வந்த சுகாதார மானியத்தைச் சட்டென்று பார்க்க டாக்ஸ் போதும். பணம் கைமாறிப் போன தடத்தைப் பிடிக்கவோ பிற துறைகளோடு ஒப்பிடவோ யுஎஸ்ஏஸ்பெண்டிங். நான் டாக்ஸில் மானிய எண்ணை எடுத்து, அப்புறம் அதையே மற்றதில் போட்டுப் பார்ப்பேன்.