எண்ணைப் படமாக்கும் 'கலர் பை நம்பர்ஸ்': பயிற்சித்தாள் விமர்சனம்

நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகம் வெளியிடும் 'சிஎஸ் அன்ப்ளக்ட்' (கம்ப்யூட்டர் இல்லாமலே கணினி அறிவியல் கற்றுத்தரும்) தொகுப்பில் உள்ள பாடம் இது. கம்ப்யூட்டர் தேவையில்லை, காசும் இல்லை, பிடிஎஃப் இறக்கி அச்சடித்தால் போதும். 7 வயதிலிருந்து செய்யலாம் என்கிறார்கள். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் கைக்குப் போகும் தாளில் பெரும்பாலும் எண்ணும் கட்டமும்தான்.

கட்டத்தாளின் ஒவ்வொரு வரிக்கும் சில எண்கள் இருக்கும்; அதன்படி கட்டங்களை நிரப்பினால் படம் வரும். விதி சின்னது. வரியின் முதல் எண், எத்தனை வெள்ளைக் கட்டம் என்று சொல்லும். அடுத்த எண் கறுப்பு, பிறகு வெள்ளை என்று மாறி மாறி வரும். மாதிரிக்குக் கொடுத்திருப்பது 5 கட்ட அகலம், 6 வரி உயரத்தில் ஆங்கிலத்தின் சின்ன 'ஏ'. முதல் வரி 1, 3, 1. நான்காம் வரி 0, 1, 3, 1.

அந்த 0-தான் வம்பு. வரி கறுப்பில் தொடங்கினால் 'வெள்ளை ஒன்றுமில்லை' என்று முதலில் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் அதைத் தேவையில்லாத எண் என்று விட்டுவிடுவார்கள். விட்டால் நான்காம் வரியும் 1, 3, 1 ஆகி முதல் வரியின் நகலாகிவிடும்: ஓரங்கள் வெளுத்து, நடு மூன்றும் கறுத்து, எழுத்தின் வயிறு அடைத்துக்கொள்ளும். பாடத்துக்காக இட்டுக்கட்டிய விதி என்று நினைக்க வேண்டாம். தொலைபேசி வழியே தாளின் நகலை அனுப்பும் 'குரூப் 3' வகை பேக்ஸ் இயந்திரமும் வரிக்கு 1728 புள்ளிகளை வெள்ளையில் தொடங்கித்தான் எண்ணுகிறது, கறுப்பு முந்தினால் சுழியம் போடுகிறது.

மாதிரியில் சுழியம் நான்காம் வரியில்தான் வருகிறது. நம் பார்வையில் அது தாமதம். அதற்கு முன்னால் கரும்பலகையில் 'ப' போடுங்கள். 5-க்கு 5 கட்டம். மேல் நான்கு வரியும் 0, 1, 3, 1. அடிவரி 0, 5. எல்லா வரியும் சுழியத்தில் தொடங்குவதால் விதி சட்டென்று பிடிபடும்.

வரியின் கடைசி வெள்ளையை எழுதாவிட்டாலும் படம் வந்துவிடும். இருந்தாலும் எழுத வையுங்கள். அப்போது ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் அகலத்துக்குச் சமமாக இருக்கும், தப்பைப் பிள்ளையே பிடித்துவிடும். ஒருவர் எண்ணை வாசிக்க இன்னொருவர் நிரப்பும்போது 'வரி முடிந்தது' என்று சொல்லவும் வேண்டாம்; 5 சேர்ந்தால் அடுத்த வரி.

அச்சடிக்கும்போது தாளுக்குள் அடக்கும் ('ஃபிட் டு பேஜ்') அமைப்பு கட்டத்தைச் சுருக்கிவிடாமல் பாருங்கள். சின்னக் கைகளுக்கு 1 செ.மீ. கட்டம் வசதி. கணக்கு நோட்டின் கட்டம் அதைவிடப் பொடிசு என்றால், நான்கு கட்டத்தை ஒன்றாகக் கோடு போட்டுக் கொடுக்கலாம். பென்சிலும் ரப்பரும் மட்டும் போதும். ஸ்கெட்ச் பேனா கொடுத்தால் ஒரு தப்புக்கு முழுத்தாள் வீண். நிரப்பும் வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்கொண்டால் வரி தாவாது.

ஒரு குறை. தாளோடு நிறுத்தினால், இப்படி எழுதினாலே எந்தப் படத்துக்கும் கட்டங்களைவிடக் குறைந்த எண்களே போதும் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். 'ப'வில் 25 கட்டத்துக்கு 18 எண். சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று கறுத்த வரியைக் கொடுத்துப் பாருங்கள்: 0, 1, 1, 1, 1, 1. கட்டம் 5, எண் 6.