ஒன்பது பூட்டில் ஒரு பூட்டு

ஆபீஸில் பக்கத்து சீட் தம்பி நேற்று ஒரு லிங்க் அனுப்பினான். என்னிடம் இருக்கிற அதே ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி), தள்ளுபடி விலையில். "அண்ணா, ஆறு வருஷமா வச்சிருக்கீங்களே, எடுக்கலாங்களா?" வேண்டாம் என்று உடனே பதில் போட்டுவிட்டேன். போட்டபிறகு மனசு கேட்கவில்லை.

அலுமினியம், நாலு அடுக்குக் கால், திருகிப் பூட்டும் ட்விஸ்ட் லாக், எந்தப் பக்கமும் சாய்கிற பால் ஹெட், கேமராவைச் சட்டென்று மாட்டிக் கழற்ற ஆர்க்கா ஸ்விஸ் பிளேட், மொத்தம் 2.3 கிலோ. 12 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பி எதையும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்து சொல்வது அது. கேமராவும் லென்ஸும் சேர்ந்து என்னிடம் இரண்டு கிலோதான். அதைத் தாங்குவதா பெரிய விஷயம்? ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் விஷயம். கடையில் கேமரா திரையில் ஓடும் படத்தை (லைவ் வியூ) முழுக்கப் பெரிதாக்கி, லென்ஸை விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். என்னுடையதில் கேமராவை உயர்த்தும் நடுத்தண்டை இறக்கி வைத்தால் 'ஒன்று, இரண்டு' எண்ணுவதற்குள் படம் நின்றுவிடும். தண்டை முழுக்க ஏற்றினால் ஐந்து வரை எண்ணலாம். மூன்று காலுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒற்றைக்கால் மேல் கேமராவை வைப்பது மாதிரிதான் அது.

தனுஷ்கோடியில்தான் இதன் அருமை தெரிந்தது. அரிச்சல்முனையில் காற்று ஆளையே தள்ளும். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, அதாவது 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டால், 1/30 நொடி எக்ஸ்போஷர் (படம் பதிவாகும் நேரம்) அரை நிமிஷமாகிவிடும். அந்த அரை நிமிஷமும் ட்ரைபாட் அசையக் கூடாது. கால்களை மணலில் நன்றாக அழுத்தி, பையை நடுத்தண்டின் அடியில் இருக்கும் கொக்கியில் மாட்டினேன், பை தரையைத் தொட்டும் தொடாமலும். தொங்கவிட்டால் காற்றில் பை ஊஞ்சலாடி, அதுவே ட்ரைபாட்டை ஆட்டும். அலை பஞ்சாக, பாறை ஊசிமுனையாக வந்தது. இன்றும் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. மூன்று கால், காலுக்கு மூன்று பூட்டு. அலைக்குள் நின்றது அடிப்பூட்டுகள். கோவைக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவாமல் மூலையில் சாத்திவிட்டேன். என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மாதம் எடுத்தால் ஒரு கால் திறக்கவே இல்லை. துணியைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகியதும் 'படக்'.

உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பும் அலுமினியத் துருவும். நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம், இரண்டாகப் பிளந்து கிடந்தது. சுண்டுவிரல் அகலம், ஒரு பக்கம் கூம்பு, பக்கவாட்டில் ஒரு வெட்டு. பூட்டைத் திருகும்போது இந்தக் கூம்பு நெருக்கப்பட்டு உள்குழாயைக் கவ்வுகிறது. அவ்வளவு பெரிய அலுமினிய உடம்பு, பிடிமானம் மொத்தமும் இந்தத் துண்டில்! சர்வீஸுக்கு எழுதினால் "உதிரிபாகம் தனியாகத் தருவதில்லை, புது மாடலுக்குச் சலுகை உண்டு" என்று பதில். அன்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. பத்து ரூபாய் சமாச்சாரத்துக்கு ஒரு ட்ரைபாட்டையே தூக்கிப்போடச் சொல்கிறான்.

கோவையிலேயே கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் வளையத்தைக் கையில் எடுத்து ஒரு உருட்டு உருட்டினார். "இது எங்க கோலட்டுதானுங்க. லேத்துல நாங்க ராடைப் பிடிக்கிற அதே சங்கதி." நைலான் கம்பியில் கூம்பு கடைந்து, ரம்பத்தால் ஒரு கீறல். அரைமணி நேரம். ஒன்றுக்குப் பதில் நாலு போட்டுக் கொடுத்தார், மொத்தம் 200 ரூபாய்.

அப்புறமும் நான் சும்மா இருக்கவில்லை. வழவழப்பாகத் திரும்பட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். விளைவு, கேமரா மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மீட்டிங்கில் நான் தூங்கி விழுவதுபோல மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. மரையில் மட்டும் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் போதும், கவ்வும் இடத்தில் எதுவும் படக் கூடாது. இப்போது கடற்கரை போய்வந்தால் குளிக்கும் முன் அதைக் குளிப்பாட்டுகிறேன். இருந்தும் அந்த ஒரு பூட்டு மட்டும் மற்ற எட்டைப்போல இல்லை. கால்வாசிச் சுற்று கூடுதலாகத் திருக வேண்டும். இறுகிவிட்டதா என்று பார்த்துத் தெரியாது, அமுக்கித்தான் பார்க்க வேண்டும். நெம்பி மூடுகிற ஃபிளிப் லாக் என்றால் கண்ணுக்கே தெரியும்.

கார்பன் ஃபைபர் எடுக்கலாமா என்றும் தம்பி கேட்டான். எடை குறையும், குழாய் துருப்பிடிக்காது, விலை எகிறும். பூட்டுக்குள் இருப்பது அங்கேயும் இதே மாதிரி பிளாஸ்டிக் வளையம்தான். தஞ்சாவூர் பெரிய கோயிலில் படமெடுக்க என்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதான். தொல்லியல் துறை இடங்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட்டை விரிக்கவே முடியாது.

காற்றில் இப்படி நிற்கிற ட்ரைபாட் இந்த விலைக்கு நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன், உதிரி தராதவனுக்கு எதற்குக் காசு? மீறி வாங்கினால் சொல்லு தம்பி. பையில் மூன்று வளையம் மிச்சம் இருக்கிறது, ஒன்று தருகிறேன்.