பிசிஆர்னு காசு வாங்கிட்டு கார்டு டெஸ்ட் பண்ணிக் கொடுத்தாங்க, கவனமா இருங்க

போன ஐப்பசி மழையில அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. வயசு 71, ஆஸ்துமா வேற. அம்பாசமுத்திரத்துல நாங்க எப்பவும் பார்க்கிற டாக்டர், "ஃப்ளூவா இருக்கும்போல, பிசிஆர் எடுத்துப் பாத்திருவோம்"னார். பிசிஆர்னா சாம்பிள்ல வைரஸோட மரபணு இருக்கான்னு லேப்ல தேடுற டெஸ்ட். வீட்டுக்கே வந்து எடுக்கிற ஒரு லேபுக்குப் போன் போட்டேன். 3,500 ரூபாய். சரின்னுட்டேன்.

வந்த பையன், "ஆச்சி, வாயத் தொறங்க"ன்னு நாக்குக்கு மேல ஒரு தடவு தடவினான். மூக்குப் பக்கமே போகல. மரக்குச்சியில பஞ்சு சுத்தின குச்சி. அதைக் காஞ்ச குழாயில போட்டு, மத்தவங்க ரத்த சாம்பிள் குழாய்களோட சேர்த்து பைக் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டான். ஐஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

சாயங்காலமே வாட்ஸ்அப்ல 'நெகட்டிவ்'னு ரிப்போர்ட். டாக்டரும் அதை நம்பி ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை எழுதல. அந்த மாத்திரை காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள்ள போனாத்தான் நல்லாக் கேட்கும். அஞ்சாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்க மூக்கு வழியா உள்ள ஆழம் வரைக்கும் குச்சியை விட்டு, சுழட்டி எடுத்தாங்க. அம்மா கண்ணுல தண்ணி வந்துருச்சு. பிளாஸ்டிக் குச்சி, வைரஸ் கெடாம வைக்கிற ரோஸ் கலர் தண்ணி ஊத்தின குழாய், உடனே ஐஸ் பெட்டி. முடிவு: எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்னு சொல்ற ஃப்ளூ) பாசிட்டிவ்.

அப்புறம்தான் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வரி வரியாப் படிச்சேன். அடியில பொடி எழுத்துல 'இம்யூனோகுரோமட்டோகிராபி'ன்னு இருந்துச்சு. அதாவது கார்டு டெஸ்ட், ஒரு சின்ன அட்டையில கோடு விழுதான்னு பாத்துச் சொல்றது. பில்லுல மட்டும் பிசிஆர். ஃப்ளூ இருக்கிற 100 பேர்ல 50-லேர்ந்து 70 பேரைத்தான் அந்தக் கார்டு பிடிக்கும். அதுல நெகட்டிவ்னு வந்தா ஃப்ளூ இல்லைன்னு அர்த்தமே கிடையாது. நிஜமாவே பிசிஆர் பண்ணியிருந்தாலும் அந்த மரக்குச்சியே காரியத்தைக் கெடுத்திருக்கலாம், மரத்துல உள்ள சில பொருள் அந்த டெஸ்ட்டைத் தடுக்கும். சாம்பிளை 2-லேர்ந்து 8 டிகிரி குளிர்ல வச்சு, 72 மணி நேரத்துக்குள்ள சோதிக்கணும். ஐஸ் இல்லாம பைக்கில சுத்தின காஞ்ச பஞ்சுல என்னத்தைத் தேடுவாங்க?

நேர்ல போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, சாம்பிள்ல வைரஸ் இல்லன்னா நாங்க என்ன செய்ய"ன்னார் லேப்காரர். பில்லையும் ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினதும் பேச்சு நின்னுருச்சு. பணத்தைத் திருப்பித் தர்றேன்னார். நான் வாங்கல.

உங்க வீட்டுக்கு ஆள் வந்தா குச்சியைப் பாருங்க, குழாயைப் பாருங்க, ஐஸ் பெட்டி எங்கேன்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க. ரிப்போர்ட்ல 'முறை'ன்னு போட்டிருக்கிற வரியில ஆர்டி-பிசிஆர்னு (ஃப்ளூவுக்குப் பண்ற பிசிஆர் அதுதான்) இருக்கணும். காய்ச்சல் வந்த முதல் மூணு நாலு நாளைக்குள்ள எடுத்திருங்க. வயசானவங்க, கர்ப்பிணிங்க, சின்னப் பிள்ளைங்க, ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவங்கன்னா ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மாத்திரையைத் தள்ளிப் போட வேண்டாம், டாக்டர்கிட்ட அன்னைக்கே கேட்டிருங்க. நான் அதைக் கேட்காம விட்டது இன்னும் உறுத்துது.

அம்மா ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டாங்க. படி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது. பில், ரிப்போர்ட் ரெண்டையும் நகல் எடுத்து, மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துல மனு கொடுத்திருக்கேன். இதே மாதிரி பில்லு உங்க கையில இருந்தா தூரப் போட்டுராதீங்க, நீங்களும் அங்க ஒரு மனு கொடுங்க.