ஒரே பைப்பில் அடுக்குவதா, பிரித்து மாட்டுவதா? ஆடிக் காற்று அடிக்கும் ஊரில் ஹாம் டவர்

உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் போனால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். காற்றாலைக்காரர்கள் தேடி வந்து இடம் பிடித்த பகுதி அது. ஆனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் மேற்குக் காற்று விடாமல் அடிக்கும். அங்கே டவர் போடும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: 20 மீட்டர் பீம், 6 மீட்டர் யாகி, 2 மீட்டர் வெர்டிகல், எல்லாவற்றையும் உச்சியில் ஒரே பைப்பில் அடுக்கிவிடலாமா? (இங்கே மீட்டர் என்பது அலைநீளம், ஆன்டெனாவின் நீளம் அல்ல. பீமும் யாகியும் ஒரு திசையைப் பார்ப்பவை, வெர்டிகல் செங்குத்தாக நிற்பது.)

அடுக்கினால் வசதி உண்டு. ஒரே ரொட்டேட்டர் (பைப்பைத் திருப்பும் மோட்டார்) போதும், எல்லா ஆன்டெனாவும் உயரத்தில் நிற்கும், டவர் எதையும் மறைக்காது. ஆனால் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க ஆன்டெனாக்களுக்கு நடுவே இரண்டு மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும். அதனால் டவர் தலைக்கு மேலே பைப் நீண்டுகொண்டே போகும். சிக்கலே அந்த நீளத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, மதுரைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி, அதை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு நியூட்டன் கணக்கில் அழுத்தம் வரும். 39-க்கு அது சுமார் 912 நியூட்டன், கிலோவில் 93. மூன்று எலிமென்ட் (குறுக்குக் குழாய்) கொண்ட, மூன்று அலைவரிசைகளுக்கான டிரைபேண்டர் யாகியின் காற்றுப் பரப்பை அரை சதுர மீட்டர் என்று வைத்தால், பக்கவாட்டில் 46 கிலோ தள்ளும். டவர் தலையில் பைப்பைப் பிடித்திருக்கும் மேல் பேரிங்கிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அது இருந்தால் ஒன்றரை இஞ்ச் ‘பி’ கிளாஸ் ஜிஐ பைப்பில் உண்டாகும் தகைவு (வளைக்கும் விசையால் இரும்புக்குள் ஏறும் அழுத்தம்) 100 மெகாபாஸ்கலுக்குள் அடங்கும். அதே யாகியை மூன்று மீட்டர் மேலே ஏற்றினால் 280-ஐத் தாண்டிவிடும். சாதாரண இரும்பு 250-லேயே வளையத் தொடங்கிவிடும். ஆன்டெனாவும் அதுதான், பைப்பும் அதுதான். ஏற்றிய உயரம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் இதே அழுத்தம் சதுர மீட்டருக்கு ஆறு கிலோதான். அதனால் பைப் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும், நமக்கும் தைரியம் வந்துவிடும். கோடை மழைக்கு முன்னால் வரும் ஒரு சூறைக்காற்று போதும், எல்லாம் முடிந்துவிடும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, கொடைக்கானல் வரைக்கும் மரங்களைச் சாய்த்தது. உள்மாவட்டம்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது.

ஆகவே என் ஓட்டு பிரித்து மாட்டுவதற்கே. சுற்றவேண்டிய பீம் மட்டும் மேல் பேரிங்கை ஒட்டி, அரை மீட்டருக்குள். 2 மீட்டர் வெர்டிகல் கொஞ்சம் கீழே, டவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, பக்கக் கையில் (பக்கவாட்டில் நீட்டிய பைப்). டவர் ஒரு பக்கத்தை மறைக்கும், உண்மைதான். அதனால் அதிகம் பேசும் திசையைப் பார்த்துக் கையை நீட்டுங்கள். மதுரையிலிருந்து கொடைக்கானல் மலைப் பக்கம் என்றால் வடமேற்கு. 40 மீட்டருக்கு இன்வெர்டட் வி (டவரிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பி ஆன்டெனா) போதும், அதன் கம்பியில் காற்று பிடிப்பது மிகக் குறைவு.

பீமிலும் யாகியா, அறுகோண வடிவ ஹெக்ஸ்பீமா என்ற கேள்வி வரும். எட்ட வேண்டிய தூரம்தான் முக்கியம் என்றால் மூன்று எலிமென்ட் யாகி ஒரு படி மேல். ஆனாலும் காற்றுள்ள ஊரில் நான் ஹெக்ஸ்பீமைத்தான் சொல்வேன். சுமார் 3.3 மீட்டர் ஆரம், ஃபைபர் கைகள், மீதியெல்லாம் கம்பியும் கயிறும். அதே சட்டத்தில் 6 மீட்டருக்கும் ஒரு கம்பி கட்டிவிடலாம். தனி யாகியே தேவைப்படாது, பைப்பும் நீளாது. கயிறு மட்டும் வெயில் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். மதுரை வெயிலில் சாதாரண நைலான் சீக்கிரமே நைந்துவிடும்.

யாகிதான் வேண்டும் என்பவர்கள் இரண்டு விஷயம் செய்யுங்கள். சீரான மிதமான காற்றில் அலுமினிய எலிமென்ட் ரீங்காரமிட்டு அதிரும். அதிர்ந்து அதிர்ந்தே இணைப்பருகில் விரிசல் விடும். குழாய்க்குள் ஒரு கயிற்றை நுழைத்து, நுனியில் மூடி போட்டால் அதிர்வு அடங்கிவிடும். இரண்டாவது, வேலை முடிந்ததும் பீமை வடக்கு பார்க்கத் திருப்பி வையுங்கள். எலிமென்ட்கள் கிழக்கு மேற்காகப் படுத்துவிடும், மேற்குக் காற்று அவற்றின் நுனியில் மட்டுமே மோதும். மயில் வந்து உட்காரும் ஊர்களில் எலிமென்ட் நுனிகளை அடிக்கடி பார்ப்பதும் நல்லது.

டவர் விஷயத்தில் ஸ்டே (இழுத்துக் கட்டும் கம்பி) இல்லாமல் தனியாக நிற்கும் டவருக்கு நிறைய இரும்பும் பெரிய கான்கிரீட் அடித்தளமும் வேண்டும், செலவு எகிறும். ஸ்டே கம்பி கட்டிய முக்கோண டவர் குறைந்த இரும்பிலேயே உறுதியாக நிற்கும். ஆனால் மூன்று பக்கமும், டவர் உயரத்தில் 60 முதல் 80 சதவீதம் தள்ளி, ஆங்கர் (கம்பியை மண்ணில் பிடித்திருக்கும் பிடிமானம்) போட இடம் இருக்க வேண்டும். தோட்டம் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம். கம்பியை இடையிடையே வெட்டி முட்டை இன்சுலேட்டர் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டேயே ஆன்டெனாவின் கதிர்வீச்சைக் கெடுக்கும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கரிசலில் மேலாகப் போட்ட ஆங்கர் மண்ணோடு சேர்ந்து நகரும், ஸ்டே தொய்யும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே குழி தோண்டச் சொல்லுங்கள். ஆனி பிறக்கும் முன்பும், ஐப்பசி மழைக்குப் பிறகும் ஸ்டேயை இறுக்கும் டர்ன்பக்கிளை முறுக்கிப் பார்த்து, அது தானாகக் கழலாதபடி ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள்.

நகருக்குள் மொட்டை மாடி மட்டும் உள்ளவர்களுக்குச் சாய்த்து இறக்கும் கம்பம்தான் பொருத்தம். உயரம் குறைவு, ஒரு ஹெக்ஸ்பீமும் ஒரு வெர்டிகலும்தான் தாங்கும். ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு பேர் சேர்ந்து இறக்கிவிடலாம். கம்பத்தைக் கைப்பிடிச் சுவரில் மட்டும் பிடிக்க வைக்காமல் கான்கிரீட் தூணோடு சேர்த்து யூ கிளாம்ப் போடுங்கள். பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் இருப்பவர்கள் உயரத்தை முடிவு செய்வதற்கு முன் விமான நிலையத்தின் உயரக் கட்டுப்பாட்டை விசாரித்துவிடுங்கள்.